தகைவும் வண்ணப் படமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் களியக்காவிளைக்காரன், திருவனந்தபுரத்தில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். பெரிய விண்கலச் சட்டகங்களின் தகைவை, அதாவது சுமையால் பொருளுக்குள் எழும் விசைச் செறிவை, ஃபைனைட் எலிமெண்ட் முறையில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணிக்கும் முறை) கணக்கிடுவது என் புராஜெக்ட். மகேந்திரகிரியிலோ தும்பாவிலோ உள்ள இஸ்ரோ மையங்களில் வேலைக்குப் போக எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்? மென்பொருளே அனைத்தையும் சொல்லிவிடும்போது, கையாலும் கணக்குப் போட்டு வா என்று பேராசிரியர் வற்புறுத்துவது வீண்வேலை அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்த மென்பொருளானாலும் சரிதான். உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். சில நாட்களாக ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு மேடையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்டாவாங்கர் அருகே, கடலில் நிறுத்துவதற்காகக் கட்டிய அந்தக் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக நீரில் தாழ்த்தியபோது, ஏறத்தாழ 65 மீட்டர் ஆழத்தில் சுவர் பிளந்து அது மூழ்கியது. வடிவமைப்புக் கணக்கைப் போட்டது நாஸ்ட்ரான், நாசா தன் விண்கலங்களுக்காக உருவாக்கிய அதே நிரல். நிரலில் பிழையில்லை. அடித்தளத்தின் கான்கிரீட் உருளைகள் சந்திக்கும் இடத்துச் சுவர்களில் மெஷ், அதாவது கணக்குக்காகப் பிரித்த துண்டுகளின் வலை, பரும்படியாக இருந்ததால் ஷியர் தகைவு (சுவரை வெட்டப் பார்க்கும் தகைவு) 47 விழுக்காடு குறைவாக வந்தது. வலைக்கண் அகலமானால் நெத்திலி நழுவிவிடும் என்பது குளச்சலில் சிறுபிள்ளைக்கும் தெரியும். நீரழுத்தத்தைச் சுவரின் அகலத்தால் பெருக்கிப் பாதியாக்கியிருந்தால், முனையில் வரும் விசை தோராயமாகக் கிடைத்து, பிழை காகிதத்திலேயே பிடிபட்டிருக்கும். இதைத்தான் தம்பி, வீண்வேலை என்கிறீர்கள்!

மெஷ்ஷைப் பொடியாக்கினால் போதுமே என்று பதில் எழுதிவிடாதீர்கள். கூரான உள்மூலையில் மெஷ் நுணுக நுணுக, தகைவு எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும். மென்பொருள் தரும் வண்ணப் படத்தில் உச்சத் தகைவைக் காட்டும் அந்தச் சிவப்புப் புள்ளியை நம்புவதா, விடுவதா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது.

பெரிய விண்கலங்களில் இடர் இன்னும் கூடுதல். எடையற்ற நிலைக்கென்று மெலிதாகச் செய்த நீண்ட சூரியத் தகடுகளைப் பூமியில் விரித்தால் தம் எடையையே தாங்காது என்பதால், முழுமையான சோதனை அரிது. கணக்கையே நம்ப வேண்டியிருக்கிறது. 1990இல் ஏவப்பட்ட ஹப்பிளின் தகடுகள் நிழலுக்கும் வெயிலுக்கும் மாறும்போதெல்லாம் வெப்பத்தால் வளைந்து தொலைநோக்கியையே நடுங்கவைத்தன. 1993 டிசம்பரில் அவற்றை மாற்றினார்கள்.

உங்கள் வயதில் அவசரம் இயல்பு, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாதிரியில் தாங்குமிடங்களின் எதிர்விசைகளை எல்லாம் கூட்டி, ஏற்றிய சுமைக்குச் சமமாக வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.