ஏமாறாமல் செய்தி பார்ப்பது எப்படி? திருப்பூரில் அந்த ஒரு வாரம் கற்றுத் தந்தது

ஒரே சம்பவத்தைச் சேனலுக்கு ஒரு மாதிரி காட்டுகிறார்களே, எதை நம்புவது, ஏமாறாமல் செய்தி பார்க்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஊடகம் படித்தவன் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஆனால் என் ஊரைப் பற்றியே ஒரு பொய் நாடு முழுக்கச் செய்தியாக ஓடியதை உள்ளே இருந்து பார்த்தவன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வாட்ஸப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை, வடக்கே பத்திரிகைகளும் சேனல்களும் அதை எடுத்துப் போட்டன, பீகார் சட்டமன்றத்திலேயே அமளி நடந்தது.

எங்கள் லைனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பீகார் பையன் ஒருவன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவன் அம்மா வீடியோ காலில் அழுதுகொண்டே இருந்தார், அவர் பின்னால் டிவி சத்தம் எங்களுக்கே கேட்டது. இவன் போனைத் திருப்பி மெஷின்களைக் காட்டினான், கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த பீஸ்களைக் காட்டினான், டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த எங்களை ஒவ்வொருவராகக் காட்டினான். நானும் கையை ஆட்டினேன். அப்போதும் அந்த அம்மா சமாதானமாகவில்லை, டிவியில் சொல்கிறார்களே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பெற்ற மகன் கண்ணெதிரே காட்டுவதைவிட டிவி சொல்வது பெரிதாகிவிட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வீடியோக்களில் இரண்டைப் பற்றி அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு கோஷ்டிக்குள் முன்பு நடந்த சண்டை, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. கவனித்துப் பாருங்கள், வீடியோவில் இருந்த அடிதடி நிஜம். யார் யாரை அடித்தார்கள், எப்போது, எதற்கு என்பது மட்டும்தான் பொய். கண்ணால் பார்த்தேனே என்று நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தையும் அப்படித்தான் காட்டினார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று செய்தி. அந்த வருடம் ஹோலி மார்ச் 8. ஒவ்வொரு வருடமும் ஹோலிக்கு முந்தின வாரம் திருப்பூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடம் இருக்காது, அப்போதெல்லாம் நமக்குத் தீபாவளிக்குக் கோயம்பேட்டில் இருந்த மாதிரிதான். அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள், பிப்ரவரியிலேயே லீவு கேட்டு என் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போனவர்கள். ஆனால் இதற்கு மேல் ஒன்று நடந்தது. செய்தி பரவிய பிறகு, லீவே கேட்காதவர்களும் நிஜமாகவே பயந்து மூட்டை கட்டினார்கள், வீட்டில் இருப்பவர்கள் தூங்கவிடாமல் போன் போட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? பொய்யாகக் காட்டிய ஓட்டம் இரண்டு மூன்று நாளில் உண்மை ஓட்டமாகிவிட்டது. செய்தி நடப்பதைச் சொல்வதோடு நிற்பதில்லை, நடக்கவும் வைக்கிறது என்பதை நான் காலி மெஷின்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அந்தச் செய்தி ஏன் அந்த வாரம், ஏன் அங்கே அவ்வளவு சூடாக விற்றது என்றும் யோசிக்க வேண்டும். மார்ச் 1 அன்று சென்னையில் ஸ்டாலின் பிறந்தநாள் கூட்டத்தில் அப்போதைய பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் மேடையில் இருந்தார். நம் மக்கள் அங்கே அடிபடும்போது இவர் அங்கே விழாவில் இருக்கிறார் என்று பேச பீகார் எதிர்க்கட்சிக்கு ஒரு வாய்ப்பு. கடைசியில் பீகார் அரசே நான்கு அதிகாரிகளை அனுப்பி, அவர்கள் திருப்பூர், கோவை எல்லாம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி எத்தனை வீட்டு டிவிக்குப் போய்ச் சேர்ந்தது?

சரி, வடக்கு ஊடகம் மட்டும் தப்பு செய்தது என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒன்றரை மாதம் முன்னால், ஜனவரியில், இதே திருப்பூரில் டீக்கடைப் பக்கம் ஆரம்பித்த ஒரு சில்லறைத் தகராறில் வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர் ஆட்களைத் துரத்துகிற வீடியோ வந்தது. சம்பவம் நடந்து பல நாள் கழித்துத்தான் அது வெளியே வந்தது. நம் யூடியூப் சேனல்களில் ‘பகீர்’, ‘பரபரப்பு’ என்று ஓட்டி, ஊரையே அவர்கள் பிடித்துவிட்ட மாதிரி பேசினார்கள். நானும் அதை இரண்டு குரூப்பில் அனுப்பினேன். மார்ச்சில் அந்த அம்மாவின் அழுகையைக் கேட்டபோது, ஜனவரியில் நான் அனுப்பியதும் இதே சரக்குதான் என்று உறைத்தது. நமக்குப் பிடித்த மாதிரி வருகிற செய்தியில்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும், பிடிக்காததை நாம் எப்படியும் சந்தேகப்படுவோம்.

நம் ஊரில் எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காரர் வீட்டுடையது என்று ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கும் தெரியும். அது நல்லதுதான், ஆனால் போதாது, எல்லாச் சேனலும் ஒரே துண்டு வீடியோவை ஓட்டும்போது முதலாளி யார் என்று தெரிந்து என்ன பயன்?

இப்போது நான் செய்வது இதுதான். வீடியோ வந்தால் முதலில் தேதியும் ஊர்ப் பெயரும் தேடுவேன், இரண்டும் இல்லையென்றால் அதை யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தருகிற கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோ பல நேரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று முடிந்தால், சொன்னது யார் என்று பார்ப்பேன். அந்த ஊரில் ஒரு ஆளிடமாவது கேட்டார்களா? 2016-ல் 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்று டிவியிலேயே விளக்கப்படம் போட்டுக் காட்டினார்கள், ஆனால் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நோட்டு விவரத்தில் சிப் என்ற பேச்சே இல்லை, அதைப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்புறம், அவசரமாகத் தெரிகிற எதையும் ஒரு நாள் ஆறப்போடுவேன். மறுநாள் பேப்பரில் அது உள்பக்கத்தில் நாலு வரியாகச் சுருங்கியிருக்கும், இல்லை காணாமலே போயிருக்கும்.

அந்தப் பையன் ஊருக்குப் போகவில்லை, இன்னும் எங்கள் லைனில்தான் இருக்கிறான். போன மாதம் அதே பழைய வீடியோ அவன் அம்மாவுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. இந்த முறை அவர் அழவில்லையாம், இது எந்த வருடத்து வீடியோ என்று கேட்டாராம்.