குரைக்கும் நெஞ்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்டியாலஜி என்ற சொல் ‘கார்டியா’ என்ற பண்டைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று படித்தேன். அவர்களுக்கும் அது நாம் சொல்லும் இதயம்தானா? பைபிளில் மனிதர்கள் இருதயத்தில் சிந்திக்கிறார்களே, சிந்திப்பது மூளை அல்லவா?

ச.

அன்புள்ள ச.,

துடிக்கும் உறுப்பு என்ற பொருள் அன்றும் உண்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை. எபிரேய வேதத்தில் ‘லேவ்’ என்பது யோசிக்கிற, முடிவெடுக்கிற இடம். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கார்டியா என்று போட்டார்கள். புதிய ஏற்பாடும் அந்த வழக்கில் வந்தது. அரிஸ்டாட்டிலும் உணர்வின் இருப்பிடம் இதயம், மூளை உடம்பின் சூட்டைத் தணிப்பது என்றே நம்பினார்.

அப்புறம் வயிறு. இரைப்பையின் மேல்வாயையும் கார்டியா என்றார்கள். மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறினால் நாம் நெஞ்செரிச்சல் என்கிறோமே, அதேதான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிஸியின் 20ஆம் பகுதி. பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே திரும்பிய ஒடிஸியஸ், முன்கூடத்தில் மாட்டுத்தோல் விரித்துப் படுத்திருக்கிறான். அவன் மனைவியை மணக்கக் காத்திருக்கும் ஆண்களிடம் பணிப்பெண்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள். இப்போதே எழுந்து அந்தப் பெண்களைக் கொன்றுவிடலாமா என்று தவிக்கிறான். அவனுடைய ‘கிராடியே’ உள்ளே குரைக்கிறது. கார்டியாவுக்கு ஹோமரில் வரும் வடிவம் இது. குட்டிகளைக் காத்து நிற்கும் பெட்டை நாய், தெரியாத ஆளைக் கண்டால் குரைக்குமே, அந்தக் குரைப்பு. அவன் மார்பில் அடித்துக்கொண்டு அதனிடமே பேசுகிறான்: பொறுத்துக்கொள், ஒற்றைக்கண் அரக்கன் நம் தோழர்களைத் தின்ற நாளில் இதைவிடக் கொடியதைப் பொறுத்தாயே.

இங்கே ‘இதயமே’ என்று எழுத எனக்கு மனம் வராது. ‘நெஞ்சே’ என்றுதான் எழுதுவேன். குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கும் மொழி நம்முடையது. நெஞ்சு நமக்கு மார்பு, மனம், துணிவு எல்லாம். கார்டியாவுக்கு இவ்வளவு கிட்ட வரும் சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை என்பது என் எண்ணம்.

அந்தக் காட்சியை முழுதாகப் படித்துப் பாருங்கள். நெஞ்சு அவன் சொல் கேட்டு அடங்கிவிடுகிறது. அவனுக்குத்தான் தூக்கம் இல்லை. கொழுப்பும் இரத்தமும் அடைத்த இரைப்பையைத் தீயில் வாட்டுகிறவன் திருப்பித் திருப்பிப் போடுவதுபோல, அதீனா தேவி வந்து அவனைத் தூங்க வைக்கும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறான்.