நாணயம் சரிந்தால் ஆலை நகருமா? ஓசூரிலிருந்து சில பதில்கள்

சிறு பட்டறைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கும் நம் குழுவில் இந்த வாரம் பதில் சொல்லும் முறை என்னுடையது. ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தேன். யென்னும் டாலரும் என் தூக்கத்தைக் கெடுத்த இரவுகள் அதிகம். கார் எந்த நாட்டில் தயாராகிறது, ஏன் அங்கே, அதில் நாணயத்துக்கும் சுங்க வரிக்கும் என்ன பங்கு என்பது மட்டும்தான் பேச்சு. எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்காதீர்கள்.

காரிமங்கலம், கல்லூரி மாணவி: ஐயா, ஜப்பான் நிறுவனங்கள் ஏன் அமெரிக்காவிலேயே போய் ஆலை கட்டின? கப்பலில் அனுப்புவது மலிவு இல்லையா?

மலிவாகத்தான் இருந்தது, அம்மா. அதுதான் சிக்கலாயிற்று. எண்ணெய் விலை ஏறிய 1970களில் ஜப்பானின் சிறிய கார்கள் அமெரிக்காவில் அள்ளிக்கொண்டு போயின. அமெரிக்கக் கார் நிறுவனங்களின் ஊரான டெட்ராய்ட் கூச்சல் போட்டது. 1981இல் ஜப்பான் "தானாக முன்வந்து" ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்கள் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. தானாக முன்வந்தது என்பதை நம்பிவிடாதீர்கள். எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்பாடு, எல்லைக்குள்ளேயே செய்தால் யார் எண்ணுவார்கள்? 1982 நவம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் ஹோண்டாவின் முதல் கார் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டென்னசியில் நிசான்.

நாணயம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பை இறக்குவது என்று முடிவெடுத்தார்கள். அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். ஓராண்டுக்குள் 150க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பானில் 12 லட்சம் யென் செலவில் செய்த கார் முன்பு 5,000 டாலர். இப்போது அதே கார் 8,000 டாலர். தொழிலாளி சோம்பேறி ஆகவில்லை, இரும்பு விலை ஏறவில்லை, ஓட்டல் அறையில் நடந்த பேச்சு மட்டும்தான். டொயோட்டா 1988இல் கென்டக்கியில் சொந்த ஆலையைத் திறந்ததன் பின்னால் இந்த இரண்டும் சேர்ந்து நின்றன. எந்த நாணயத்தில் விற்கிறாயோ அதே நாணயத்தில் செலவு செய் என்பதை அவர்கள் அப்போது கற்றார்கள்.

ஓசூர், லேத் பட்டறை வைத்திருப்பவர்: அண்ணா, அந்த பிளாசா சமாச்சாரம் நம் ஊர்ப் பக்கம் வந்ததா?

வந்ததாவது! 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் நான்கு ஜப்பானியக் கூட்டணிகள் சிறிய லாரி செய்யக் கிளம்பின: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி. முக்கியமான பாகங்கள் ஜப்பானிலிருந்து யென் விலையில் வந்தன. யென் எகிறியது, ரூபாய் இறங்கியது. வண்டி விலை இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவத்தி ஆயிற்று. பாகங்களை இங்கேயே செய்துகொள்ள முந்தியவர்கள் பிழைத்தார்கள். டி.சி.எம். டொயோட்டா 1990களில் கொரிய நிறுவனமான டேவூவின் கைக்குப் போனது. மாருதியும் அதே யென்னில் வெந்ததுதான். அரசின் நிபந்தனையோடு யென் விலையும் சேர்ந்து துரத்தியதில் உள்நாட்டில் உதிரிபாகம் செய்பவர்களை வளர்த்தது. இன்று உங்கள் பட்டறைக்கு வருகிற ஜாப் ஒர்க்கின் பூர்வீகம் ஓரளவு அங்கே இருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜப்பானியக் கிரைண்டிங் எந்திரம் ஒன்றை யென் தவணையில் வாங்கினோம். தவணை யென்னில் மாறவே இல்லை. ரூபாயில் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது. மேலாளர் ஒவ்வொரு ரசீதையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவார், பார்க்காவிட்டால் குறையும் என்பதுபோல. ஆகவே என் பழைய எச்சரிக்கை: வருமானம் எந்த நாணயத்திலோ, கடனும் அந்த நாணயத்தில். வட்டி குறைவு என்று வெளிநாட்டுக் கடனுக்கு ஆசைப்படாதீர்கள்.

சூளகிரி, கியர் பாகங்கள் செய்பவர்: டாலர் ஏறினால் ஓசூருக்கு லாபம்தானே?

பாதி உண்மை. நீங்கள் டாலரில் பில் போடுகிறீர்கள், சரி. வெட்டும் கார்பைடு முனை எங்கிருந்து வருகிறது? எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை? உயர்ரக எஃகு சேலத்திலேயே உருகினாலும் அதன் விலை வெளிநாட்டு விலையைப் பார்த்தே ஏறும். இதையெல்லாம் கழித்து மிஞ்சுவது கூலி, மின்சாரம், வாடகை. டாலர் ஏற்றம் லாபம் தருவது அந்தப் பங்கில்தான். இன்னொன்றையும் சொல்கிறேன், இதைப் புத்தகத்தில் எழுத மாட்டார்கள். ரூபாய் சரிந்த அடுத்த மாதமே வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வரும்: "உங்களுக்குத்தான் லாபம் கூடிவிட்டதே, விலையில் கொஞ்சம் குறையுங்கள்." 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டபோது எனக்கு இப்படி மூன்று கடிதங்கள் வந்தன. ரூபாய் ஏறும்போது விலையைக் கூட்டித் தருகிறேன் என்று ஒருவரும் எழுதியதில்லை.

பாலக்கோடு, ஆசிரியர்: அமெரிக்காவில் லாரிக்குக் "கோழி வரி" என்று ஒன்று உண்டாமே, உண்மையா?

உண்மைதான், நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் அறிந்திருக்க வேண்டிய வரி! 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி மலிவாக வந்து குவிகிறது என்று ஐரோப்பியர்கள் வரி போட்டார்கள். பதிலடியாக 1964 முதல் அமெரிக்கா சிறிய லாரிகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை முடிந்தது, லாரி வரி மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. நிசான் டென்னசியில் முதலில் செய்த வண்டி பிக்கப் லாரி என்பது தற்செயல் அல்ல. ஃபோர்டே துருக்கியில் செய்த தன் வேன்களில் பின் இருக்கைகளைப் பொருத்திப் பயணிகள் வண்டி என்று இறக்கி, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

பர்கூர்: ஐயா, எந்த மின்சார ஸ்கூட்டர் நல்லது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

ஓசூர் பாகலூர் சாலை, ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தோழர்: நாணயம், வரி என்று சுற்றி வளைக்கிறீர்கள். கூலி எங்கே குறைவோ அங்கே ஆலை. இவ்வளவுதான் விஷயம்.

தோழரே, கூலி மட்டும்தான் என்றால் ஆஸ்திரேலியாவை எப்படி விளக்குவீர்கள்? 1990களிலும் அங்கே கூலி அதிகம்தான், ஆலைகள் ஓடின. மாறியது வேறு. 1980களில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த இறக்குமதி வரி 2010இல் 5 சதவீதமாயிற்று. இரும்புத்தாதும் நிலக்கரியும் சீனாவுக்குப் போய், 2011இல் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டியது. சுரங்கத்துக்கு வந்த யோகம் ஆலைக்குச் சனியாக முடிந்தது. 2016இல் ஃபோர்டு, 2017 அக்டோபரில் டொயோட்டாவும் ஆஸ்திரேலியக் கார் நிறுவனமான ஹோல்டனும் மூடப்பட்டன.

அதே தோழர்: மூடிய பிறகு அந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன? தாய்லாந்து! ஜெர்மனியிலிருந்தா வந்தன? கூலி இல்லாமல் வேறென்ன?

பிக்கப் வண்டிகள் தாய்லாந்திலிருந்து வந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2005 முதல் இரு நாட்டுக்கும் வரியில்லா ஒப்பந்தம் இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாய்லாந்தைவிடக் கூலி குறைந்த நாடுகள் பக்கத்திலேயே இருந்தன. அங்கே ஏன் போகவில்லை?

கிருஷ்ணகிரி, கணக்காளர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1997இல் தாய்லாந்தின் பாட் விழுந்ததே, அதுதானே ஆரம்பம்?

அப்படிச் சொல்லுங்கள். 1997 ஜூலைக்கு முன் டாலருக்கு 25 பாட். ஆறே மாதத்தில் 50ஐத் தாண்டியது. உள்நாட்டில் கார் வாங்க ஆள் இல்லை. அந்த நாட்டுக்காகக் கட்டிய ஆலைகள் பிழைக்க ஒரே வழி ஏற்றுமதி. பிறகு பாட் மறுபடி 30 அளவுக்கு வலுத்தது. ஆலைகள் கிளம்பிப் போனதா? இல்லை. அதற்குள் சுற்றிலும் வார்ப்படக்காரர், ரப்பர்க்காரர், அச்சு செய்பவர் எல்லாரும் குடியேறிவிட்டார்கள். நாணயம் ஆலையைக் கூட்டிவரும். கட்டிப் போடுவது அக்கம்பக்கத்துப் பட்டறைகள்.

தோழர் மறுபடியும்: அமெரிக்காவே கூலியைச் சட்டத்தில் எழுதியிருக்கிறதே. மெக்சிகோ ஒப்பந்தத்தைப் படித்தீர்களா?

படித்தேன், இந்த இடத்தில் உங்கள் கை ஓங்கிவிட்டது. 2020 ஜூலையில் அமலான ஒப்பந்தத்தில், வரியில்லாமல் எல்லை தாண்ட வேண்டிய காரின் மதிப்பில் 40 சதவீதமாவது சராசரியாக மணிக்கு 16 டாலருக்குக் குறையாமல் வாங்கும் தொழிலாளர்கள் செய்ததாக இருக்க வேண்டும். கூலி ஒரு பொருட்டில்லை என்றால் இதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் பாருங்கள், அதையும் சுங்கச் சாவடியில் வைத்துத்தான் எழுதினார்கள். கூலியின் பலம் வரி விதியைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. இதற்கு மேல் தேநீர்க் கடையில் பேசுவோம், செலவு என்னுடையது.

தேன்கனிக்கோட்டை: ரூபாய் சரிவதால் நம் பக்கம் ஆர்டர் கூடுமா?

சூளகிரிக்காரருக்குச் சொன்ன பதில்.

தர்மபுரி, பொறியியல் பட்டதாரி: ரூபாய் மலிவு, மறைமலை நகரிலிருந்து அமெரிக்காவுக்கே கார் போயிற்று. பிறகு ஏன் ஃபோர்டு மூடியது?

தம்பி, மலிவான ரூபாயால் மட்டும் ஆலை பிழைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அங்கே செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவரை போனது உண்மை. ஆனால் உள்நாட்டில் விற்பனை சிறுத்தது, ஆலையின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று 2021 செப்டம்பரில் நிறுவனமே அறிவித்தது. ஏற்றுமதி ஊறுகாய், சோறு உள்ளூர்ச் சந்தை.

போச்சம்பள்ளி: மின்சார ஸ்கூட்டர் நம் மாவட்டத்தில் தயாராகிறது. சீனா கதவைச் சாத்தினால் நமக்கென்ன?

மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் சீனாவுடையது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது சீனா. உள்ளங்கையில் அடங்கும் துண்டுக்காக இங்கே உற்பத்தித் திட்டங்களையே மாற்ற வேண்டியிருந்தது. கடைசியாகப் பூட்டும் ஊரின் பெயர் வண்டியில் இருக்கும்; சாவி வேறு ஊரில் இருக்கும்.

சந்தூர், மாம்பழக்கூழ் வியாபாரி: சவூதிக்கு அனுப்புகிறேன். ரியாலைப் பார்ப்பதா, டாலரைப் பார்ப்பதா?

இரண்டும் ஒன்றுதான். 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். காரைப் பற்றிக் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

ஊத்தங்கரை: ஐயா, டாலர் ஏறுவது நமக்கு நல்லதுதானே?

நான்காவது முறையாகக் கேட்பவருக்குப் பரிசு இருந்தால் உங்களுக்கே தந்திருப்பேன். நீங்கள் மூன்றாவது. சூளகிரி.

ஓசூர் சிப்காட், கியர்பெட்டிப் பாகங்கள் செய்பவர்: அமெரிக்க வாடிக்கையாளர் ஐந்தாண்டுக்கு ஒரே டாலர் விலை கேட்கிறார். 2025 மே முதல் உதிரிபாகங்களுக்கும் அங்கே 25 சதவீத வரி வந்துவிட்டது. கையெழுத்துப் போடலாமா?

இப்படியே போடாதீர்கள். வரியைத் துறைமுகத்தில் கட்டுவது அவர்தான். ஆனால் கட்டிவிட்டு உங்கள் விலையில் பிடிக்கப் பார்ப்பார். ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகள் சேர்க்கச் சொல்லுங்கள். சுங்க வரி ஏறினாலும் இறங்கினாலும் அவர் பொறுப்பு. எஃகு விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தம். டாலர் மதிப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இருவருக்கும் சரிபாதி. மூன்றாவதற்கு முகம் சுளிப்பார்; மூன்றாவதை விட்டுக்கொடுத்தாலும் முதலாவதை விடாதீர்கள். புது எந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். ஒப்பந்த வரைவை அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிடுகிறேன்.