வளர்ந்த நாய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் குளிசை கொடுக்கலாமா?

எட்டு வயது நாய், ரோமம் மங்கி உதிர்கிறது, சாப்பாடு சோறும் மீன் ஆணமும் (குழம்பும்), பாமசியில் விற்கும் விற்றமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் (உடலில் ஒட்சியேற்றச் சிதைவைத் தடுக்கும் பொருள்) குளிசைகளைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மட்டக்களப்பில் நாய் வளர்ப்பவன். குளிசையை வாங்க முன்னம் ஆணத்தை நிறுத்துங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் ஆணத்தில் போடும் வெங்காயமும் உள்ளியும். அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை ஒட்சியேற்றிச் சிதைக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் இரத்தச்சோகை வரலாம். ஒரு பக்கம் ஆணத்தை ஊற்றிக்கொண்டு மறுபக்கம் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுப்பதில் என்ன பயன்? மீனை உப்புப் புளி போடாமல் தனியாக அவித்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து வையுங்கள்.

விற்றமின் சி நாய்க்குப் பொதுவாகத் தேவையே இல்லை. நம்மைப் போலல்லாமல் நாயின் ஈரலே அதைத் தயாரித்துக்கொள்ளும். பந்தய கிரேஹவுண்ட் நாய்களுக்குத் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. 500 மீற்றர் ஓட்டத்தில் அவை சராசரியாக 0.2 விநாடி மெதுவாகத்தான் ஓடின.

விற்றமின் ஈ விஷயம் வேறு. அது உடலின் கொழுப்பு ஒட்சியேறாமல் காக்கிறது. சூடை, சாளை போன்ற எண்ணெய் மீனை அதிகம் தின்னும் நாய்க்கு அதன் தேவை கூடும். கரையோரத்தில் நம் நாய்கள் பலவும் அப்படித்தானே வளர்கின்றன! ஆகவே உங்கள் நாய்க்கு அது உதவக்கூடும். ஆனால் அளவை நாயின் எடை பார்த்து மிருக வைத்தியர் சொல்லட்டும். மனிதருக்கான கூட்டு விற்றமின் குளிசை வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இரும்பும் விற்றமின் டீயும் இருக்கும், இரண்டும் அளவு மிஞ்சினால் நாய்க்கு நஞ்சு. சைலிட்டோல் என்ற சீனி மாற்று சேர்த்த இனிப்புக் குளிசை இன்னும் ஆபத்து, இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். செலினியம் என்ற தாதுச்சத்திலும் கவனம் வேண்டும், தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

வயதான பீகிள் நாய்களில் இரண்டரை ஆண்டுக்கும் மேல் நடந்த அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005இல் வெளியானது. ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த உணவு மட்டும் கிடைத்த நாய்களைவிட, அதோடு நடை, விளையாட்டு, கூட ஒரு நாய், புதிதாகக் கற்க வேலை என்று எல்லாம் கிடைத்தவைதான் கற்றலில் நன்றாகத் தேறின. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. சங்கிலியில் கட்டியே வைத்திருந்தால் எந்தக் குளிசையும் அந்த வேலையைச் செய்யாது. பின்னேரம் வெயில் தணிந்ததும் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள்.

அவித்த பூசணி, கரட் கொஞ்சம் சேர்க்கலாம். திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சை வற்றலும் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் ரோமம். நம் பக்கம் அது உதிர்ந்தால் நான் முதலில் பார்ப்பது உண்ணி, சொறி, குடற்புழு. சோறும் மீனும் மட்டும் தின்னும் நாய்க்கு நாகச்சத்து (சிங்க்) குறைவாலும் அப்படி ஆகலாம். இன்றைக்கே உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால் வெங்காயமோ உண்ணிக் காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் கொண்டுபோய் இரத்தம் சோதியுங்கள்.