அணிகள் எதற்கு? மலையிலிருந்து வந்த கேள்விகள்

ப்ளஸ் டூ கணக்கில் முதல் பாடமே அணிகள்தான். அணி (மேட்ரிக்ஸ்) என்றால் எண்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டத்தில் அடுக்கிய அட்டவணை. நடத்தும்போதெல்லாம் "இது எங்கே சார் உதவும்?" என்று யாராவது கேட்பார்கள். இந்த முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும், மாணவர்களோடு பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கோத்தகிரி மாணவி: நிரை எது, நிரல் எது என்று ஒவ்வொரு தேர்விலும் குழம்புகிறேன் சார்.

நிகழ்ச்சி நிரல் என்று விழா அழைப்பிதழில் போடுகிறார்களே, அதை எப்படி எழுதுகிறார்கள்? இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை என்று மேலிருந்து கீழாக. நிரல் கீழே இறங்கும். ஆநிரை என்றால் மாட்டுக் கூட்டம். மாடுகள் பக்கம் பக்கமாக நிற்பதாக நினைத்துக்கொள். நிரை குறுக்கே போகும். அணி என்ற பெயரே அழகானது, அணிவகுப்பில் வரும் அதே அணி. அணிவகுப்பில் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது எவ்வளவு முக்கியமோ, இங்கே எந்த எண் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

கேத்தி பாலாடா விவசாயி: என் மகன் அணிப் பெருக்கல் போடுகிறான். நிரையையும் நிரலையும் பெருக்கிக் கூட்டுகிறான். யார் இப்படிப் பெருக்குவார்கள்?

நீங்கள்தான் ஐயா, ஒவ்வொரு லோடுக்கும்.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் மூட்டை 2,100, பீட்ரூட் 1,100. ஊட்டியில் கேரட் 1,800, பீட்ரூட் 1,000. உங்களிடம் 10 மூட்டை கேரட், 5 மூட்டை பீட்ரூட்; தம்பியிடம் 4 கேரட், 8 பீட்ரூட். மூட்டைகளை ஆளுக்கொரு நிரையாகவும், விலைகளை மண்டிக்கொரு நிரலாகவும் எழுதிப் பெருக்கினால் நான்கு எண்கள் வரும். உங்களுக்கு மேட்டுப்பாளையத்தில் 10 × 2,100 + 5 × 1,100 = 26,500, ஊட்டியில் 23,000. தம்பிக்கு 17,200, 15,200.

இரண்டு பேருக்கும் கீழே இறக்குவதுதான் லாபம் போலத் தெரிகிறது, இல்லையா? மேட்டுப்பாளையத்துக்கு லாரி வாடகை மூட்டைக்கு 200 என்று வையுங்கள். உங்கள் 15 மூட்டைக்கு 3,000 போக 23,500. ஊட்டியைவிட 500 கூடுதல். தம்பியின் 12 மூட்டைக்கு 2,400 போக 14,800. ஊட்டியைவிட 400 குறைவு. ஒரே வீடு, ஒரே விலை, ஆனால் தம்பி ஊட்டியிலேயே விற்பது நல்லது. காரணமும் அந்த அணியிலேயே இருக்கிறது. கேரட்டில் விலை வித்தியாசம் 300, வாடகையைத் தாண்டுகிறது. பீட்ரூட்டில் வெறும் 100. மகனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஊட்டி, பதினோராம் வகுப்பு: எண்களை எப்படிப் பெருக்கினாலும் ஒரே விடை. அணியில் மட்டும் வரிசையை மாற்றினால் விடை ஏன் மாறுகிறது?

தம்பி, போனில் உன் முகம் உள்ள சதுரப் படம் ஒன்றை எடு. முதலில் அகலத்தை இரண்டு மடங்காக்கிவிட்டுப் படத்தைக் கால் சுற்று திருப்பு. முகம் படுத்திருக்கும், ஆனால் கன்னம் உப்பிய முகம். இப்போது பழைய படத்தை முதலில் திருப்பிவிட்டு, அப்புறம் அகலமாக்கு. படுத்திருக்கும் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை இழுபட்டு ஒல்லியாகிவிடும். திருப்புவதை ஓர் அணியாகவும் அகலமாக்குவதை இன்னோர் அணியாகவும் எழுதலாம்; இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதுதான் அணிப் பெருக்கல். எதை முதலில் செய்தாய் என்பது முகத்திலேயே தெரிகிறதே! ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆர்தர் கெய்லி 1858இல் எழுதிய கட்டுரையில் அணிப் பெருக்கலை முறைப்படுத்தினார். இது அவர் விருப்பத்துக்கு வைத்த விதி இல்லை. ஒரு மாற்றத்துக்குப் பின் இன்னொரு மாற்றம் செய்தால் இப்படித்தான் வரும்.

கொடைக்கானல் வாசகர்: படமே அணிதான் என்கிறார்களே?

ஆமாம். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். வழக்கமாக 0 கருமை, 255 வெண்மை. வண்ணப் படத்துக்கு அப்படி மூன்று அணிகள். உங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தையே பாருங்கள். 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்த இடம். அங்கே கண்ணாடித் தகடுகளில் எடுத்த பழைய சூரியப் படங்களை எண்வடிவமாக்கியிருக்கிறார்கள். எண்ணாகிவிட்டதால், நூறு வருடத்துக்கு முந்தைய சூரியனையும் இன்றைய சூரியனையும் கணினியில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எனக்கு இது பெரிய அதிசயம்.

குன்னூர் டாக்சி ஓட்டுநர்: தொட்டபெட்டாவில் நாளைக்கு மூடுபனி இருக்குமா என்று அணி சொல்லுமா?

நாளைக்கு இருக்கும், இருக்காது என்று அடித்துச் சொல்லாது; வாய்ப்பைச் சொல்லும். இன்று பனி என்றால் நாளையும் பனி 0.7, தெளிவு 0.3, இன்று தெளிவு என்றால் நாளை பனி 0.4, தெளிவு 0.6 என்று வைப்போம். இன்று பனி. இந்த நான்கு எண்களையும் ஓர் அணியாக எழுதித் திரும்பத் திரும்பப் பெருக்கினால் நாளை பனிக்கு வாய்ப்பு 0.7, மறுநாள் 0.61, அதற்கடுத்த நாள் 0.583. போகப்போக 0.571 அருகில் நின்றுவிடும், அதாவது ஏழு நாளில் நான்கு. இந்த எண்கள் நான் வைத்தவை. நீங்கள் தினமும் மேலே போகிறவர். ஒரு சீசன் முழுக்க டைரியில் குறித்தால் உண்மையான அணி உங்கள் கையிலேயே இருக்கும்.

வனவியல் மாணவர்: வரையாடுகளின் எண்ணிக்கையைக் கணிக்க அணி உதவுமா?

உதவும், அதற்கு லெஸ்லி அணி என்று பெயர். லெஸ்லி என்ற ஆய்வாளர் 1945இல் கொடுத்தது. முதல் நிரையில் வயதுவாரியாகப் பிறப்பு, அதற்குக் கீழே அடுத்த வயதுக்குத் தப்பிப் பிழைக்கும் விகிதம். முக்குருத்தி தேசியப் பூங்காவில் குட்டிகள் பிழைப்பது சற்றுக் குறைந்தால் பத்து வருடத்தில் மந்தை என்னவாகும் என்று அதில் போட்டுப் பார்க்கலாம்.

கூக்கல்தொரை விவசாயி: கமிஷன் கடைச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் போடுகிறார்கள். எந்தக் காய்க்கு என்ன விலை என்று கண்டுபிடிக்க முடியுமா? ஒரு சீட்டு 2 மூட்டை கேரட், 3 பீட்ரூட். இன்னொன்று 4 கேரட், 6 பீட்ரூட். விலை இரண்டு நாளும் ஒன்றுதான்.

இந்த இரண்டு சீட்டை வைத்து முடியாது ஐயா. 2 பெருக்கல் 6 என்பது 12, 3 பெருக்கல் 4 என்பதும் 12; கழித்தால் பூச்சியம். அணிக்கோவை பூச்சியம் என்று புத்தகத்தில் வருவது இதுதான். இரண்டாவது சீட்டு முதல் சீட்டின் இரட்டிப்பு, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. விலை மாறாத நாளாகப் பார்த்து 3 கேரட், 2 பீட்ரூட் என்று விகிதத்தை மாற்றி ஒரு லோடு அனுப்பி, அந்தச் சீட்டை முதல் சீட்டோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டு விலையும் பைசா சுத்தமாக வந்துவிடும்.