அடுத்து எதைப் பின்னுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருந்தபோது, அம்பாலாவில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ஊசிப் பின்னல் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்வெட்டரும் மஃப்ளரும் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. கடலூர் வெயிலில் அவற்றை யாருக்குக் கொடுப்பது? புதிதாக எதைப் பின்னலாம், எங்கே தேடலாம்?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஸ்வெட்டர் மட்டும்தான் தெரியும் என்று நீங்கள் குறைத்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஸ்வெட்டர் பின்னியவருக்குக் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றவும், கூட்டவும், குறைக்கவும், கழுத்தோரத்தில் கண்ணி எடுத்துப் பட்டை போடவும், கையைத் தோளோடு பொருத்தித் தைக்கவும் தெரிந்திருக்கும். பின்னல் வேலையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் மாற்ற வேண்டியது நூலைத்தான்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் வியர்வையை உறிஞ்சாது. கடலோரப் புழுக்கத்தில் அது விரலோடு ஒட்டிக்கொண்டு ஊசியில் நகர மறுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே பருத்தி நூலுக்கு மாறுங்கள். ஆனால் பருத்தியின் குணம் வேறு. கம்பளியைப் போல் இழுத்துவிட்டால் அது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்பதால், ஒரு நிட் (நேர்க் கண்ணி), ஒரு பர்ல் (புறம் திருப்பிய கண்ணி) என்று மாற்றி மாற்றிப் பின்னும் இடுப்புப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் நாளடைவில் தொய்ந்துபோகும். எடையும் கூடுதல்; அதே பருமனுள்ள கம்பளி நூலோடு ஒப்பிட்டால், பருத்தியில் நூறு கிராமுக்குக் கிடைக்கும் நீளம் குறைவு. கம்பளிக்கென்று எழுதிய பின்னல் குறிப்பில் (பேட்டர்னில்) 200 கிராம் என்று இருப்பதைப் பார்த்துப் பருத்தியிலும் 200 கிராம் வாங்கினால், கடைசி நான்கு விரற்கடை பின்ன நூல் இருக்காது. கிராமை விட்டுவிட்டு, உறையில் அச்சிட்டிருக்கும் மீட்டர் கணக்கைப் பாருங்கள்.

இனி என்ன பின்னலாம் என்பதற்கு வருகிறேன். மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு மெல்லிய ஜாலி வேலைச் (துளைகள் விட்டுப் பின்னும் வேலை) சால்வை, காய்கறி வாங்கப் போக ஒரு வலைப் பை, பிறந்த குழந்தைக்குப் பருத்தித் தொப்பி ஆகிய மூன்றும் நம் ஊருக்குப் பொருந்தும். வலைப் பை, போடும் பாரத்துக்கு ஏற்ப நீளும். அதனால் அதன் கைப்பிடியை மட்டும் இன்னும் மெல்லிய ஊசியில் இறுக்கமாகப் பின்னுங்கள். குறைமாதக் குழந்தைகளின் உடல்சூடு தலை வழியே விரைவாக இழக்கப்படுவதால் அவர்களுக்குத் தொப்பி மிகவும் தேவை. மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்பினால், பிரிவுச் செவிலியரிடம் அளவையும் நூலையும் முதலில் கேட்டறிந்துகொண்டு, பொத்தானோ துளை வேலைப்பாடோ இல்லாமல் பின்னுங்கள். இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வதற்கென்று, மெல்லிய பருத்தி நூலில் பின்னி உள்ளே பஞ்சு அடைத்த செயற்கை மார்பகங்களைப் பல நாடுகளில் தன்னார்வலர்கள் பின்னிக் கொடுக்கிறார்கள். கையளவு வேலைதான், வாங்கிக்கொள்பவருக்கு அதன் மதிப்பு எவ்வளவு என்று நான் விளக்கத் தேவையில்லை.

தேடுவதற்கு, ஓர் அமெரிக்கத் தம்பதியர் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய ராவெல்ரி என்னும் இணையத் தொகுப்பை நான் முதலில் சொல்வேன். கைவசம் இருக்கும் நூலின் பருமன், நீளம், ஊசியின் அளவு, விலையில்லாக் குறிப்பா விலைக்குரியதா என்றெல்லாம் பிரித்துத் தேட அதில் வழியுண்டு. வடிவமைப்பாளர் வெளியிட்ட படத்தை மட்டும் நம்பாமல், அதே குறிப்பைப் பின்னி முடித்தவர்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். எந்த வரிசையில் தடுமாறினார்கள், எவ்வளவு நூல் மிச்சமானது என்பதை அவர்களே எழுதியிருப்பார்கள். தேர்ந்தெடுக்கும்போது நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுண்டு: ஒரு வேலையில் எனக்குப் புதியது ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். ஜாலி வேலை புதிதென்றால், நூலும் வடிவமும் பழகியவையாக இருக்கட்டும். ஜாலி, வட்ட ஊசி, இரு நிறம் என்று மூன்றும் புதிதாக இருந்தால், தவறு எதனால் நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: குறிப்பில் 8 என்று இருந்ததால் 8-ஆம் எண் ஊசியில் பின்னினேன். எல்லாமே சிறியதாக வந்துவிட்டது. என் கை அவ்வளவு இறுக்கமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் கையில் குறை இல்லை. நம் கடைகளில் விற்கும் ஊசிகள் பலவற்றில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் பருக்கும். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். பின்னலின் பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு: இங்கிலாந்தில் மாஸ் ஸ்டிட்ச் என்பதை அமெரிக்காவில் சீட் ஸ்டிட்ச் என்பார்கள்; அமெரிக்கரின் மாஸ் ஸ்டிட்ச் வேறு பின்னல்.

கேள்வி: உலகெங்கும் பலர் ஒரே நாளில் தொடங்கி ஒரே பேட்டர்னைப் பின்னுகிறார்களாமே! அது என்ன? எனக்கு வேகம் போதாது, நானும் சேரலாமா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அதற்கு நிட்-அலாங் என்று பெயர். நாம் சேர்ந்து பின்னுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். குறிப்பு, நூலின் அளவு, தொடங்கும் நாள் ஆகியவற்றை முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். அவரவர் வீட்டிலிருந்தே பின்னிக்கொண்டு, படங்களையும் ஐயங்களையும் பகிர்ந்துகொள்வார்கள். இதில் மர்மப் பின்னல் என்றொரு வகை உண்டு. முடிவில் என்ன உருவம் வரும் என்பதைச் சொல்லாமல், பெரும்பாலும் வாரத்துக்கொரு பகுதியாகக் குறிப்பை வெளியிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் வாழும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்டீபன் வெஸ்ட் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் நடத்தும் மர்மச் சால்வைப் பின்னல் மிகவும் பெயர் பெற்றது. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மாலையில் வீட்டைவிட்டு வெளியே போக முடியாத காலம் அது என்பதால், அந்த மாதத்தை நான் ஆவலோடு எதிர்பார்ப்பேன். 2006-இல் டூரின் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, தொடக்க விழாவில் கண்ணி ஏற்றி, ஒலிம்பிக் சுடர் அணைவதற்குள் தனக்குச் சவாலான ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று கனடாவைச் சேர்ந்த ஸ்டெஃபனி பெர்ல்-மெக்ஃபீ விடுத்த அழைப்பை ஏற்றுப் பலர் பின்னினார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வேகத்தைப் பற்றிய அச்சம் வேண்டாம். ஒலிம்பிக் பின்னல் போன்ற காலக்கெடு உள்ளவற்றை விட்டுவிட்டு, வாரந்தோறும் பகுதி வெளியாகும் ஒன்றில் சேருங்கள். பின்தங்கினால் உங்களுக்கு முன்னே போனவர்களின் அனுபவம் வழிகாட்டும். நானே பல முறை மூன்றாம் வாரத்தில் முதல் பகுதியைப் பின்னிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் அதே நூலிலும் ஊசியிலும் ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் மட்டும் தொடங்காதீர்கள். பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று குறிப்பில் இருக்கிறது, உங்கள் கையில் 20 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 220 கண்ணி ஏற்றும் மேலாடையில் அது நூறு சென்டிமீட்டர் சுற்றளவை நூற்றுப் பத்தாக்கிவிடும். மாதிரித் துண்டைத் துவைத்து உலர்த்திய பிறகே அளவெடுங்கள். பருத்தி துவைத்ததும் மாறும்.

கேள்வி: எங்கள் தெருவில் நான்கு பேருக்குப் பின்னத் தெரியும். நாங்களே ஒரு குழு தொடங்கலாமா? எதில் கவனம் வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். நான்கு பேர் போதும். ஒருவர் வராவிட்டாலும் மூவர் உட்கார்ந்து பேசலாம். பத்துப் பேரானால் ஒருவர் வேலையை ஒருவர் கையில் வாங்கிப் பார்க்க நேரமிருக்காது. இணையத்தில் ஆயிரம் பேரோடு சேர்ந்து பின்னுவதில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு மாலை, ஒருவருடைய சால்வையின் நடுவில் ஒரு கண்ணி நழுவிப் பதினான்கு வரிசைக்குக் கீழே ஏணிபோல் இறங்கிவிட்டது. அவர் ஊசியை உருவி எல்லாவற்றையும் பிரிக்கப் போனார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியை வாங்கி, அடியில் தொங்கிய கண்ணிக்குள் முன்பக்கமிருந்து விட்டு, அதற்கு மேலிருந்த முதல் குறுக்கு இழையைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். ஒரு படி ஏறியது. அடுத்த இழை, அதற்கடுத்த இழை என்று பதினான்கு படியும் ஏறி, கண்ணி மறுபடியும் ஊசியில் வந்து உட்கார்ந்தது. அன்று அங்கிருந்த எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டோம். எல்லோர் கையிலும் ஒரே பேட்டர்ன் இருந்ததால், அந்த இடத்தில் கண்ணி ஏன் நழுவுகிறது என்பதும் எல்லோருக்கும் புரிந்தது.

முதல் வேலை சிறியதாக, ஒரு மாதத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். எல்லோரும் ஒரே நிறம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே பருமன் எடுங்கள். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், அடுத்த வாரம் எந்த வரிசைவரை என்று பேசி முடிவு செய்யுங்கள். விலைக்குரிய குறிப்பை ஒருவர் வாங்கி மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்; அது எழுதியவரின் உழைப்பு. நால்வரும் தனித்தனியே வாங்க முடியாதென்றால் விலையில்லாக் குறிப்புகள் ஏராளமாக இருக்கின்றன.

நூலை ஒரே நாளில், முழுத் தேவைக்கும் சேர்த்து வாங்குங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை ஐந்து நூலுருண்டை வாங்கியபோது, எல்லாம் ஒரே சரக்குதான் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, உறையில் இருந்த சாயத் தொகுதி எண்ணை (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கு இடும் எண்) பார்க்காமல் விட்டுவிட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. பின்னி முடித்துத் திண்ணையில் காலை வெயிலில் விரித்தபோதுதான், மயில்நீலச் சால்வையின் கடைசி இரண்டு சாண் மட்டும் பச்சை கலந்து தனியே தெரிந்தது. இப்போது எங்கள் குழுவில் யார் நூல் வாங்கினாலும், உருண்டைகளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம்.

சந்திக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். 2005-இல் தொடங்கிய உலகப் பொதுவிடப் பின்னல் நாள் ஜூன் மாத இரண்டாம் சனிக்கிழமையில் வருகிறது. நமக்கு அது கடும் வெயில் காலம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார நினைத்தால் கடற்காற்று வீசும் மாலையில் போங்கள், மணல் நூலில் ஏறாதபடி உருண்டையைத் தூக்குச் சட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை ஏற்றும். மூங்கில் ஊசியோ அலுமினிய ஊசியோ நல்லது.

கேள்வி: எனக்குக் குரோஷா மட்டும்தான் தெரியும். தோழிகளின் பின்னல் குழுவில் எனக்கு இடமுண்டா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நிச்சயம் உண்டு. 2016 ஜனவரியில், மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழுவைச் சேர்ந்த பெண்கள் அவரவர் ஊரில் பின்னிய துண்டுகளைச் சென்னையில் ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். உங்கள் தோழிகளின் குழுவிலும் உங்களுக்கென்று ஒரு வேலை காத்திருக்கிறது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னிய பருத்திச் சால்வையின் ஓரம் சுருண்டுகொள்ளும். அதைச் சுற்றி இரண்டு வரிசை குரோஷா போட்டால் ஓரம் ஓரளவு படிந்து நிற்கும். எல்லோருடைய சால்வைக்கும் ஓரம் கட்டும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓரத்துக்கான நூலையும் அதே சாயத் தொகுதியில் சேர்த்து வாங்கி வைப்பார்கள்.