புகைக்குள் பாயும் லேசர்: வாசகர் கேள்விகள்

கே: மணலியில் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். ஃபர்னஸில் பழைய ஸிர்கோனியா புரோப் 3% ஆக்சிஜன் காட்டுகிறது. புதிதாக மாட்டிய லேசர் அனலைசர் 5-க்கு மேல் காட்டுகிறது. எதை நம்புவது?

ப: முதலில் பர்ஜ் லைனை, அதாவது லேசர் ஜன்னலைச் சுத்தமாக வைக்க வாயு ஊதும் குழாயைப் பாருங்கள். ஜன்னலில் கரி படியாமலிருக்க இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (ஆலையின் அழுத்தக் காற்று) ஊதுகிறீர்கள் என்றால், என் சந்தேகம் அதன் மேல்தான். ஸிர்கோனியா தான் நிற்கிற இடத்தை மட்டும் அளக்கும். லேசரோ கதிர் போகும் வழி முழுவதும் உள்ள ஆக்சிஜனைக் கூட்டிவிடும். 760 நானோமீட்டர் அருகே எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்பதே அதன் கணக்கு. வழி 5 மீட்டர், அதில் இரண்டு நாசிலுக்குள்ளும் (லேசரை மாட்டும் குட்டைக் குழாய்கள்) சேர்த்து அரை மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் 21% ஆக்சிஜன். வெறும் நீளக் கணக்கிலேயே 3 என்பது 4.8 ஆகிவிடும். நாசிலில் இருப்பது குளிர்ந்த, அடர்த்தியான காற்று. அதனால் இன்னும் ஏறும். பர்ஜை நைட்ரஜனுக்கு மாற்றி ரீடிங் இறங்குகிறதா பாருங்கள். மூடிய ஷெட் என்றால் நைட்ரஜன் கசிவு மூச்சை அடைத்துவிடும், காற்றோட்டம் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம், ஸிர்கோனியாவும் அப்பழுக்கில்லாதது அல்ல. எரியாத கார்பன் மோனாக்ஸைடு இருந்தால் அது புரோப்பின் சூட்டில் எரிந்து அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், ரீடிங் குறையும்.

கே: நிலக்கரி பாய்லரில் இவ்வளவு சாம்பலுக்கு நடுவே லேசர் எடுபடுமா?

ப: எடுபடும். சாம்பல் எல்லா அலைநீளத்தையும் ஒரேபோல் மங்கவைக்கும். வாயுவோ ஒரு மெல்லிய கோட்டில், அதாவது மிகக் குறுகிய அலைநீள இடைவெளியில் மட்டும் ஒளியை விழுங்கிப் பள்ளம் போடும். லேசர் அந்தக் கோட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்வதால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். அகலமான டக்டில் (புகை போகும் பாதை) மறுபக்கம் ஒளியே வந்து சேராது. சாம்பல் பிடிப்பானைத் தாண்டியோ, குறுகலான இடத்திலோ மாட்டுங்கள்.

கே: கிண்டியில் படிக்கிறேன். இதே லேசரால் வெப்பநிலையும் அளக்கலாமா?

ப: தாராளமாக. நீராவி 1.4 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒளியை விழுங்கும். சூட்டுக்கு வெவ்வேறு விதமாக மாறும் இரண்டு கோடுகளின் விகிதத்தை எடுத்தால் வெப்பநிலை வரும். ஐஐடி மெட்ராஸில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள்.

கே: பாய்லர் குளிர்ந்திருக்கும்போது சிக்னல் நன்றாக இருக்கிறது, சூடானதும் விழுந்துவிடுகிறது.

ப: டக்ட் சூட்டில் விரிந்து லேசரை மாட்டியிருக்கும் ஃபிளேஞ்ச் லேசாகத் திரும்பியிருக்கும். அலைன்மென்டை (கதிரை மறுமுனைக்கு நேராக்குவதை) ஓடும் பாய்லரில் செய்யுங்கள், குளிர்ந்ததில் அல்ல.